இரத்தக்குழாய் இரும்புக் குழாய் அல்ல



கொஞ்சம் நீளமான பதிவு. இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். சிறு குழந்தை இருக்கும் வீட்டுக்காரர்கள் அவசியம் கடைசிவரை படியுங்கள்.

நம் குடும்பக் குழுவில் மாதத்துக்கு ஒருமுறையாவது ஒரு செய்தி சுற்றி வருகிறது. இஞ்சிச் சாறு, பூண்டுச் சாறு, எலுமிச்சைச் சாறு, ஆப்பிள் சைடர் வினிகர் நான்கையும் காய்ச்சி, தேன் கலந்து வெறும் வயிற்றில் குடித்தால் இதய அடைப்பு கரைந்துவிடுமாம். அனுப்புகிறவர்கள் நல்ல எண்ணத்தில்தான் அனுப்புகிறார்கள். ஆனால் அந்தச் செய்திக்குப் பின்னால் ஒரு படம் இருக்கிறது. இரத்தக்குழாய் என்பது சமையலறைத் தொட்டிக்குக் கீழே இருக்கும் குழாய் மாதிரி. எண்ணெய்ப் பிசுக்கு படிந்தால் அடைக்கும். எதையாவது ஊற்றினால் கரையும். இந்தப் படம் தவறு. படித்தவர்கள், பட்டம் வாங்கியவர்கள், என்னிடம் இயற்பியலில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கியவர்கள்கூட இதைத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள். இந்தப் படத்தை நம்பி எடுக்கும் முடிவுகளில் சில உயிர் சம்பந்தப்பட்டவை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் மருத்துவன் இல்லை. மருந்து எதுவும் சொல்லப்போவதில்லை. குழாயில் திரவம் ஓடுவதைப் பற்றி முப்பத்து நான்கு வருடம் பாடம் எடுத்தவன். அந்த எல்லைக்குள் நின்றுதான் பேசுகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. உடம்பு முழுவதும் ஓடுவது ஒரே இரத்தம். அதிலிருக்கும் கொலஸ்ட்ராலும் ஒன்றுதான். அப்படியானால் கொழுப்புப் படிவு எல்லாக் குழாயிலும் சமமாகப் படிய வேண்டுமே? படிவதில்லை. இதயத்துக்கே இரத்தம் கொடுக்கும் கரோனரி தமனிகளில் படிகிறது. கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் படிகிறது. வயிற்றுப் பகுதியின் பெருந்தமனியில் படிகிறது. சிரைகளில் படிவதில்லை. நுரையீரலுக்குப் போகும் தமனிகளில் சாதாரணமாக அடைக்கும் அளவுக்குப் படிவதில்லை. அதே இரத்தம், அதே கொலஸ்ட்ரால்!

இன்னும் விசித்திரம் கேளுங்கள். 1967இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவமனையில் ரெனே ஃபவலோரோ என்ற அர்ஜென்டினா மருத்துவர், காலிலிருந்து ஒரு சிரையை எடுத்து இதயத் தமனியின் அடைப்பைச் சுற்றி மாற்றுப்பாதை போட்டார். இன்று நாம் பைபாஸ் என்று சொல்வது இதைத்தான். காலில் இருந்த வரைக்கும் அந்தச் சிரையில் ஒரு பொட்டு கொழுப்புப் படிவு கிடையாது. இதயத்தில் தைத்துத் தமனியின் அழுத்தத்தையும் துடிப்பையும் அதற்குள் விட்டதும் அதன் சுவர் தடிக்கிறது, பிறகு படிவும் வருகிறது. இப்படித் தைத்த சிரைகளில் ஏறக்குறைய பாதி, பத்து ஆண்டுக்குள் பழுதாகிவிடுகின்றன. மார்புச் சுவரின் உள்தமனியை எடுத்துத் தைத்தால் அது மிக நன்றாக உழைக்கிறது. ஆள் ஒருவர்தான், இரத்தமும் ஒன்றுதான். மாறியது அழுத்தமும் ஓட்டமும், அதைத் தாங்கும் குழாயின் தன்மையும்தான்.

நுரையீரல் தமனியும் அப்படியே. ஏதோ காரணத்தால் அங்கே பல வருடம் அழுத்தம் உயர்ந்தே இருந்தால், அதுவரை சுத்தமாக இருந்த அந்தத் தமனியிலும் கொழுப்புப் படிவு தோன்றுகிறது. ஆக, கொலஸ்ட்ரால் குற்றவாளிதான், மறுக்கவில்லை. ஆனால் எந்த இடத்தில் எப்போது குற்றம் நடக்க வேண்டும் என்று தீர்மானிப்பதில் இரத்தத்தின் ஓட்டத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

வாய்க்கால் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புரியும். ஒரு வாய்க்கால் இரண்டாகப் பிரியும் இடத்தில், நடுவில் இருக்கும் மூக்கில் தண்ணீர் மோதி வேகமாகப் போகும். அங்கே வண்டல் தங்காது. எதிர்ப்பக்கக் கரையோரம் தண்ணீர் தயங்கித் தயங்கிச் சுழலும்; வண்டல் அங்கேதான் சேரும். தமனி பிரியும் இடத்திலும் படிவு பெரும்பாலும் நடு மூக்கில் வருவதில்லை, எதிர்ப்பக்கச் சுவரில்தான் வருகிறது. 1960களின் கடைசியில் இதைப் பற்றி ஒரு விவாதமே நடந்தது. அமெரிக்காவின் டொனால்ட் ஃப்ரை, வேகமான ஓட்டத்தின் உரசல்தான் சுவரைக் காயப்படுத்துகிறது என்றார். லண்டன் இம்பீரியல் கல்லூரியின் காலின் காரோவும் அவரோடு சேர்ந்தவர்களும் 1969இல், உரசல் குறைவாக இருக்கும் இடத்தில்தான் படிவு தொடங்குகிறது என்று காட்டினார்கள். பிற்கால ஆய்வுகள் பெரும்பாலும் காரோவின் பக்கம்தான் நின்றன. பாடப்புத்தகம் 'சறுக்குப் பெயர்ச்சித் தகைவு' என்று பல்லை உடைக்கும் சொல் வைத்திருக்கும். நாம் உரசல் என்றே வைத்துக்கொள்வோம்.

ஆனால் வாய்க்கால் உவமை பாதி தூரம்தான் வரும். வாய்க்காலின் கரைக்கு உயிர் இல்லை. இரத்தக்குழாயின் கரைக்கு உயிர் உண்டு. தமனியின் உட்புறத்தில் ஒரே ஒரு செல் தடிமனில் ஒரு விரிப்பு இருக்கிறது. இரத்தம் நேராக, சீராக ஓடும் இடத்தில் அந்த செல்கள் காற்றில் சாய்ந்த நெற்பயிர் போல ஓட்டத்தின் திசையில் நீண்டு படுத்திருக்கும். ஓட்டம் முன்னும் பின்னும் தடுமாறும் இடத்தில் அவை ஒழுங்கற்றுக் கிடக்கும். அங்கேதான் கொழுப்பு உள்ளே கசிவதும் அழற்சி வருவதும் சுலபம். சீரான உரசல் பட்டால் அந்த செல்கள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கும். அது குழாயைத் தளர்த்தி அகலமாக்கும். இந்த வாயு இரத்தக் குழாயில் செய்யும் வேலையைக் கண்டறிந்ததற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் என்ற மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. நடந்தால் இதயத்துக்கு நல்லது என்கிறோமே, அதன் காரணங்களில் ஒன்று இதுதான். நடக்கும்போது ஓட்டம் கூடுகிறது, உரசல் சீராகிறது, குழாயின் சுவர் அதை உணர்ந்து தன்னைத் தளர்த்திக்கொள்கிறது.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான். இரத்தக்குழாய் தன் வழியாக ஓடுவதை உணர்கிறது; அதற்கேற்பத் தன்னை மாற்றிக் கட்டிக்கொள்கிறது. ஒரு கட்டம்வரை அந்த மாற்றத்தைத் திரும்பப் பெறலாம். அதைத் தாண்டினால் முடியாது. இரும்புக் குழாய் என்று நினைப்பவருக்கு 'எப்போது வேண்டுமானாலும் சரி செய்துகொள்ளலாம்' என்று தோன்றும். உயிருள்ள குழாய் என்று தெரிந்தவருக்குக் காலத்தின் அருமை தெரியும்.

இந்த வித்தியாசம் எங்கே மிகக் கொடுமையாக வெளிப்படுகிறது என்றால், நுரையீரல் தமனியில்.

பத்தாம் வகுப்பு மின்னியலை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். தொடரிணைப்பில் எல்லா மின்தடையின் வழியாகவும் ஒரே மின்னோட்டம்தான் போகும். மின்னழுத்தம்தான் வேறுபடும். நம் உடம்பில் இரண்டு சுற்றுகள் தொடரிணைப்பில் இருக்கின்றன. வலது இதயம் நுரையீரலுக்கு அனுப்புகிறது. இடது இதயம் உடம்புக்கு அனுப்புகிறது. ஓய்வாக இருக்கும் பெரியவருக்கு நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர். ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால் மாடியில் இருக்கும் 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஏழு நிரம்பும். இரண்டு பக்கமும் அதே அளவு. ஆனால் உடம்புச் சுற்றின் சராசரி அழுத்தம் 90 மி.மீ. பாதரசத்தை ஒட்டி இருக்கும். நுரையீரல் சுற்றில் சுமார் 15தான். ஆறில் ஒரு பங்கு. காரணம், நுரையீரல் குழாய்கள் மெல்லியவை, ஏராளமானவை, தடை மிகக் குறைவு. அதனால்தான் வலது இதயத்தின் சுவரும் இடது பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு தடிமனோடு நின்றுவிடுகிறது. அதற்கு அதிக வேலை கிடையாது.

இப்போது, இதயத்தின் இரண்டு கீழறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் ஒரு பெரிய துளையோடு குழந்தை பிறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'இதயத்தில் ஓட்டை' என்று நாம் சொல்வதில் முக்கியமான ஒரு வகை இது. பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய நூற்றில் ஒன்றுக்கு ஏதாவது ஒரு பிறவி இதயக் குறை இருக்கிறது. அபூர்வமான விஷயம் இல்லை. இடது பக்கம் அழுத்தம் அதிகம், வலது பக்கம் குறைவு. இரத்தம் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பாயும். உடம்புக்கு ஒரு பங்கு போனால் நுரையீரலுக்கு இரண்டு பங்கு, மூன்று பங்கு போகும். அதுவும் துளை பெரிதாக இருந்தால், இடது பக்கத்தின் உயர்ந்த அழுத்தத்தோடு போகும்.

இங்கே இரண்டு இடத்தில் நம் கண் ஏமாறுகிறது.

முதல் ஏமாற்றம் பிறந்தவுடன். தாயின் வயிற்றில் குழந்தை மூச்சு விடுவதில்லை. நுரையீரல் குழாய்கள் சுருங்கி, தடை அதிகமாக இருக்கும். பிறந்து முதல் மூச்சு இழுத்ததும் தடை இறங்கத் தொடங்கும். முழுவதும் இறங்கச் சில வாரங்கள் ஆகும். அதுவரை இரு பக்கமும் அழுத்தம் கிட்டத்தட்டச் சமம். சமமாக இருந்தால் துளை வழியாக ஓட்டம் குறைவு. ஓட்டம் குறைந்தால் ஸ்டெதாஸ்கோப்பில் சத்தமும் கேட்காமல் போகலாம். ஆகவே 'பிறந்தப்போ டாக்டர் நல்லா இருக்குன்னு சொன்னாரே' என்பதும் உண்மை. இரண்டு மாதம் கழித்து 'ஓட்டை இருக்கு' என்பதும் உண்மை. யாரும் பொய் சொல்லவில்லை.

இரண்டாவது ஏமாற்றம்தான் ஆபத்தானது. நுரையீரலுக்கு வெள்ளம் மாதிரி இரத்தம் வரும்போது குழந்தைக்கு மூச்சு வாங்கும். பால் குடிக்கும்போது நெற்றி வியர்க்கும், பாதியில் களைத்து விட்டுவிடும். எடை ஏறாது. அடிக்கடி நெஞ்சுச் சளி. பெற்றோர் பதறி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைவார்கள். ஆனால் நுரையீரலின் சிறு தமனிகள் சும்மா இருப்பதில்லை. வெள்ளத்தைத் தாங்கத் தங்கள் சுவரைத் தடிப்பாக்கிக்கொள்கின்றன, உள்வழி குறுகுகிறது, தடை ஏறுகிறது. தடை ஏறினால் என்ன ஆகும்? துளை வழியாக வரும் வெள்ளம் குறையும். வெள்ளம் குறைந்ததும் மூச்சு வாங்குவது நிற்கும், சளி குறையும், குழந்தை சதை பிடிக்கும்! 'பாத்தீங்களா, வளர வளரச் சரியாயிடுச்சு' என்று வீடே மகிழும். உண்மையில் நுரையீரல் தமனிகள் கெட்டுப்போகத் தொடங்கிய காலம் அது.

தடை ஏறிக்கொண்டே போய், ஒரு நாள் வலது பக்க அழுத்தம் இடது பக்கத்தைத் தொட்டு, தாண்டியும்விடும். அப்போது ஓட்டம் திசை மாறும். ஆக்ஸிஜன் ஏறாத இரத்தம் துளை வழியாக நேரே உடம்புக்குப் போகும். உதடும் நகமும் நீலமாகும். 1897இல் விக்டர் ஐசன்மெங்கர் என்ற ஆஸ்திரிய மருத்துவர், இப்படி நீலம் பாரித்த 32 வயது மனிதர் ஒருவரைப் பற்றி எழுதினார். முதல் உலகப் போருக்குத் தீப்பொறியான கொலையில் இறந்த இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டுக்கு வைத்தியம் பார்த்தவரும் இவர்தான். 1958இல் லண்டன் மருத்துவர் பால் வுட் இந்த நிலைக்கு ஐசன்மெங்கர் பெயரையே நிலைநிறுத்தினார். அதே 1958இல் ஹீத், எட்வர்ட்ஸ் என்ற இருவர், நுரையீரல் சிறுதமனிகள் கெடுவதை ஆறு படிகளாகப் பிரித்துக் காட்டினார்கள். ஆரம்பப் படிகளிலிருந்து திரும்பி வரலாம். கடைசிப் படிகளிலிருந்து திரும்ப முடியாது.

அந்த நிலைக்கு வந்தபின் துளையை மூடவும் கூடாது. பலருக்கு இது புரிவதில்லை. 'இப்பவாவது ஆபரேஷன் பண்ணி அடைச்சிடலாமே' என்பார்கள். பிரஷர் குக்கரில் விசில் போகும் வழியை அடைத்தால் என்ன ஆகும்? அந்தத் துளைதான் இப்போது வலது இதயத்துக்கு அழுத்தத்தை இறக்கும் வழி. அதை மூடினால் வலது இதயம் திணறிப்போகும். ஒரு வயதில் மூடியிருந்தால் குழந்தையைக் காப்பாற்றியிருக்கும் அதே வேலை, பதினைந்து வயதில் உயிரை வாங்கும்.

நான் வேலை பார்த்த பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். மாடிப்படி ஏறி வருவதற்குள் இரண்டு இடத்தில் நிற்பாள். உதடு நாவல் பழம் தின்ற மாதிரி இருக்கும். விளையாட்டு வகுப்பில் எல்லோருடைய செருப்பையும் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுடையது. அவள் அம்மா ஒருமுறை சொன்னார்: "கைக்குழந்தையா இருக்கும்போதே ஓட்டைன்னு சொன்னாங்க சார். மூச்சு வாங்கும், எப்பப் பாத்தாலும் சளி. அப்புறம் ரெண்டு வயசுல தானாவே தேறிட்டா. அதான் மறுபடி போகல." அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். கண்ணுக்கு முன்னால் பிள்ளை தேறினால் எந்தத் தாய் ஆஸ்பத்திரிக்கு ஓடுவாள்? பிறகு சென்னையில் காட்டினார்கள். காலம் கடந்துவிட்டது என்றார்கள். கணக்கில் கெட்டிக்காரி. இருபத்து மூன்று வயதில் போய்விட்டாள். அவளோடு படித்தவர்கள் சிலர் இதைப் படிக்கிறீர்கள். உங்களுக்கு யார் என்று தெரியும்.

இப்போது நம் சொந்தத்தில் ஒரு வீட்டில் நான்கு மாதக் குழந்தை விஷயமாக அதே பேச்சு நடக்கிறது. பெற்றோரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், பெயர் வேண்டாம். துளை பெரியது, நுரையீரல் அழுத்தம் ஏறியிருக்கிறது, ஒரு வயதுக்குள் மூடிவிட வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் தொலைபேசியில் எத்தனை ஆலோசனை! 'பச்சைப் புள்ள, கத்தி தாங்குமா? அஞ்சு வயசு ஆகட்டும்.' 'எங்க பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு மருந்தே இல்லாம மூடிக்கிச்சு.' 'பொம்பளைப் புள்ள, நெஞ்சுல தழும்பு விழுந்தா நாளைக்கு யாரு கட்டுவா?'

ஒவ்வொன்றுக்கும் என் பதிலைச் சொல்லிவிடுகிறேன்.

பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத் தானாக மூடியது உண்மையாகவே இருக்கலாம். சிறிய துளைகளில் பல தானாக மூடிக்கொள்ளும். சிறிய துளையில் ஓட்டமும் குறைவு, இடது பக்கத்தின் அழுத்தம் வலது பக்கத்துக்குப் போய்ச் சேர்வதும் இல்லை. மருத்துவர்களே அதைத் தொட மாட்டார்கள். அவ்வப்போது எக்கோ எடுத்துப் பார்ப்பார்கள். மேலறைச் சுவரில் இருக்கும் துளையிலும் அழுத்த வித்தியாசம் குறைவு என்பதால் சில வருடம் காத்திருப்பார்கள். கீழறைச் சுவரில் பெரிய துளை என்பது வேறு விஷயம். 'ஓட்டை' என்ற ஒரே சொல்லை மூன்றுக்கும் வைத்திருப்பதால் ஒரு வீட்டு அனுபவம் இன்னொரு வீட்டுக்குச் செல்லும் என்று நினைக்கிறோம். செல்லாது.

பச்சைக் குழந்தை தாங்குமா என்ற பயம் நியாயமானது. அறுவை சிகிச்சை என்றால் ஆபத்து இல்லாமல் இல்லை. அதை எடை போட்டுத்தான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆனால் தராசின் மறு தட்டைக் காலியாக வைத்துப் பேசாதீர்கள். காத்திருப்பதும் ஒரு ஆபத்துதான். அதில் கத்தி தெரிவதில்லை, அவ்வளவுதான். டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இதயக் குறை இருக்கும். அவர்களுக்கு நுரையீரல் தமனிகள் இன்னும் சீக்கிரம் கெடும். 'இந்தக் குழந்தைக்கு எதுக்கு ஆபரேஷன்' என்று அவர்களை ஒதுக்கிவைக்கும் பேச்சையும் கேட்டிருக்கிறேன். அதற்கு நான் பதில் எழுதினால் ஆசிரியர் மொழியில் இருக்காது. விட்டுவிடுகிறேன்.

தழும்பு பற்றி ஒரே வரி. தழும்போடு இருக்கும் பெண்ணுக்குக் கல்யாணம் பேசலாம்.

இன்னும் சொல்லப்போனால், துளை மூடாமலே வளர்ந்து ஐசன்மெங்கர் நிலைக்குப் போன பெண்ணுக்குக் கர்ப்பம் என்பதே உயிருக்கு மிகப் பெரிய ஆபத்து. பல பெண்களுக்கு இதயத்தில் குறை இருப்பதே கர்ப்ப காலத்தில் மூச்சுத் திணறும்போதுதான் தெரிகிறது. துளை மட்டும் காரணம் அல்ல. சிறு வயதில் தொண்டை வலியும் மூட்டு வீக்கமுமாக வந்துபோகும் ருமாட்டிக் காய்ச்சல், இடது பக்க வால்வைச் சுருக்கிவிட்டுப் போகும். கீழே மதகு அடைத்தால் மேலே வாய்க்காலில் தண்ணீர் ஏறுவதுபோல, வால்வு சுருங்கினால் பின்னால் நுரையீரலில் அழுத்தம் ஏறும். கர்ப்பத்தில் இரத்த அளவு கூடும்போது அது வெளியே தெரியும். அங்கேயும் கதை அதேதான்: குழாய் மாறுகிறது, காலம் ஓடுகிறது.

நுரையீரல் அழுத்தத்தைக் கையில் பட்டை கட்டி அளக்க முடியாது. பிறகு எப்படி அளக்கிறார்கள்? இங்கே என் மாணவர்களுக்கு ஒரு பழைய கடனைத் தீர்க்கிறேன். 'பெர்னூலி சமன்பாடு எதுக்கு சார், வாழ்க்கையில பயன்படுமா?' என்று வருடா வருடம் ஒருவன் கேட்பான். எக்கோவில், வலது பக்க வால்வின் வழியாகக் கசியும் இரத்தத்தின் வேகத்தை ஒலி அலையால் அளக்கிறார்கள். அந்த வேகத்தை வர்க்கப்படுத்தி நான்கால் பெருக்கினால் அந்த வால்வின் இரு பக்கத்துக்கும் உள்ள அழுத்த வித்தியாசம் மி.மீ. பாதரசத்தில் கிடைக்கும். விநாடிக்கு 3 மீட்டர் என்றால் 4 × 9 = 36. இதை அடிப்படையாக வைத்துத்தான் நுரையீரல் அழுத்தத்தைக் கணிக்கிறார்கள். 1738இல் புத்தகம் வெளியிட்ட டேனியல் பெர்னூலி, மருத்துவமும் படித்தவர். இரத்த ஓட்டத்தில் அவருக்கு ஆர்வம் உண்டு. ஆக, கேட்ட பிள்ளைகளே, பயன்படுகிறது.

இன்னொரு செய்தியும் சொல்லிவிடுகிறேன். நுரையீரல் அழுத்தம் உள்ள குழந்தைகளுக்குச் சில்டெனாஃபில் என்ற மருந்து எழுதுவதுண்டு. பெயரை கூகுளில் தட்டிப் பார்த்து, 'வயாகராவைக் குழந்தைக்குக் கொடுக்கிறார்கள்' என்று அலறிய தகப்பன்மாரைப் பார்த்திருக்கிறேன். பயப்படாதீர்கள். மேலே சொன்ன நைட்ரிக் ஆக்சைடின் வேலையை நீட்டித்துக் குழாயைத் தளர்த்தும் மருந்து அது. மருத்துவர் தெரிந்துதான் எழுதுகிறார். கேட்டுத் தெளிவு பெறுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பெரியவர்கள் பக்கம் வருகிறேன். நமக்கும் இதே விதிதான். புவசேய் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1840களில் கண்டறிந்த விதியை உங்களை மனப்பாடம் செய்யவைத்தேன். குழாயின் ஆரம் பாதியானால், அதே அழுத்தத்தில் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகும். அதனால் சிறுதமனிகள் கொஞ்சம் இறுகினாலே போதும், இதயம் அழுத்தத்தை ஏற்றித்தான் ஓட்ட வேண்டியிருக்கும். ஏறிய அழுத்தத்தைத் தாங்கச் சுவர் இன்னும் தடிக்கும். தடித்தால் வழி இன்னும் குறுகும். தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் வட்டம் இது. 'எனக்குத் தலைவலி இல்ல, கிறுகிறுப்பு இல்ல, எனக்கெதுக்கு பிரஷர் மாத்திரை' என்று சொல்லும் என் வயது நண்பர்களே, அந்த இரண்டு வயதுக் குழந்தையும் தேறித்தான் தெரிந்தது. உடம்பு சொல்லும்வரை காத்திருப்பது என்பது குழாய் கெட்டு முடியும்வரை காத்திருப்பது.

அதேபோல 'எத்தனை சதவீதம் அடைப்பு' என்று மட்டும் கேட்டு மிரளாதீர்கள். அந்த அடைப்பால் ஓட்டம் உண்மையில் குறைகிறதா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. அடைப்பின் இரு பக்கமும் அழுத்தத்தை அளக்கும் மெல்லிய கம்பி இருக்கிறது. 1,005 நோயாளிகளை வைத்துச் செய்து 2009இல் வெளியான ஃபேம் என்ற ஆய்வில், படத்தைக் கண்ணால் பார்த்து மட்டும் ஸ்டென்ட் வைத்தவர்களைவிட, இப்படி அளந்து தேவையான இடத்தில் மட்டும் வைத்தவர்களின் நிலை நன்றாக இருந்தது. எல்லா நிலைமைக்கும் இது பொருந்தாது. மாரடைப்பு வந்து துடிக்கும்போது அளந்துகொண்டிருக்க நேரம் இல்லை. ஆனால் நிதானமாக முடிவெடுக்கும் வாய்ப்பு இருக்கும்போது இந்தக் கேள்வியைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

கடைசியாக, நான் கேட்டுக்கொள்வது சில விஷயங்கள்.

குழந்தை பால் குடிக்கும்போது வியர்த்தாலோ, களைத்து நிறுத்தினாலோ, எடை ஏறாவிட்டாலோ, சளி விடாமல் பிடித்தாலோ, இதயத்தையும் பாருங்கள் என்று மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். துளை என்று ஒருமுறை சொல்லிவிட்டால், குழந்தை எவ்வளவு கொழுகொழு என்று இருந்தாலும், சொன்ன தேதியில் எக்கோவுக்குப் போங்கள். தேறிவிட்டது என்று முடிவு செய்ய வேண்டியது எக்கோ. பாட்டி அல்ல, நானும் அல்ல.

பணம் இல்லை என்று தள்ளிப்போடாதீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சைகளும் வருகின்றன. 2013இல் தொடங்கிய மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் பிறந்தது முதல் 18 வயது வரை பரிசோதனை உண்டு. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழு அதைச் சேர்ந்ததுதான். என் மாணவர்களில் ஆசிரியர்களாக இருப்பவர்கள் நூறு பேராவது இருப்பீர்கள். அந்தக் குழு வரும் நாளில் மூச்சு வாங்கும் பிள்ளையை முன்வரிசையில் நிறுத்துங்கள். பெரியவர்கள், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியாக வீட்டுக்கே வந்து பிரஷர் பார்க்கும் அம்மாவிடம் 'எனக்கு ஒண்ணுமில்ல' என்று கையை மறைக்காதீர்கள்.

உறவுகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அந்தக் குழந்தையின் பெற்றோருக்குத் தொலைபேசியில் பேச வேண்டும் என்று தோன்றினால், தள்ளிப்போடச் சொல்லிப் பேசாதீர்கள். இரத்தம் கொடுக்க ஆள் வேண்டும், ஆஸ்பத்திரியில் இரவு துணைக்கு இருக்க ஆள் வேண்டும், வீட்டில் மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப ஆள் வேண்டும். எதில் உங்களால் முடியும் என்று சொல்லிப் பேசுங்கள். மூத்த பிள்ளையை நாங்கள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறோம். மற்ற இரண்டுக்கும் இன்னும் ஆள் வேண்டியிருக்கிறது.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்